காற்றையும் ஒருமுறை பாருங்கள்

கணவரை இழந்த பின் கார், வான் ஓட்டிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரிகள் சிலரை எனக்குத் தெரியும். சேர்விஸ் முடிந்து வாகனத்தை எடுத்தால் எல்லாம் சரி என்றே அவர்கள் நம்புகிறார்கள். ரயரின் காற்றை மட்டும் அப்படி நம்பிவிட முடியாது. சில கராஜ்களில் எந்த வாகனம் வந்தாலும் ஒரே கணக்குத்தான். சென்ற மாதம் எங்கள் அலுவலகக் காருக்கு 40 பீ.எஸ்.ஐ. அடித்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு வேண்டியது 32.

உரிய அளவு பெரும்பாலும் சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் தாளில் இருக்கும். யப்பான் கார்களில் கிலோபாஸ்கலில் எழுதியிருப்பார்கள். 220 என்றால் ஏறக்குறைய 32 பீ.எஸ்.ஐ. ரயரில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அந்த அளவுக்கு அடிக்கவிடக் கூடாது.

ஓடிவந்த ரயர் சூட்டில் அமுக்கத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆகவே மறுநாள் காலை, வாகனத்தை எடுக்குமுன் பாருங்கள். காற்றுப் பார்க்கும் சிறிய மானி உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். காற்றுக் கூடினால் ரயரின் நடுப்பகுதி தேயும், மழையில் பிடிப்புக் குறையும். குறைந்தாலோ ஆபத்து அதிகம். ஏ-9 வீதியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓடும்போது ரயர் சூடேறி வெடிக்கவும் கூடும்.

கராஜில் நிற்பவர்கள் எல்லோரும் ஆண்கள், கேட்கக் கூச்சம்தான். "அக்கா, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்பார்கள். சொல்லட்டும். "தம்பி, எவ்வளவு காத்து அடிச்சனீங்கள்?" என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள். மேலதிகச் சில்லையும் பார்க்கச் சொல்லுங்கள், அதை யாரும் தொடுவதேயில்லை.