தொழுவமும் பள்ளிக்கூடமும்



அமெரிக்காவில் குடியேறிய உறவினரின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கணினியா மருத்துவமா என்றே நாம் வினவுகின்றோம். அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வேளாண்மையும் ஒரு பாடம் என்பதையும், அதனைப் பயிலும் பிள்ளைகள் ஆடும் மாடும் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டு செல்கின்றனர் என்பதையும் நம்மில் பலர் அறியமாட்டோம்.

இதற்கென அங்கு இரு பெரும் அமைப்புகள் உள்ளன. ஒன்று, 1902இல் ஓஹையோ மாநிலத்துச் சிறுவர் குழுவொன்றிலிருந்து வளர்ந்த ஃபோர்-எச். இது பள்ளிக்கு வெளியே, பல்கலைக்கழக விரிவாக்கப் பணியின் கீழ் நடைபெறுவது. மற்றொன்று, 1928இல் கான்சாஸ் சிட்டியில் தோன்றிய எஃப்.எஃப்.ஏ. இது வேளாண் வகுப்போடு பிணைந்தது. வகுப்பாசிரியரே இதற்கும் வழிகாட்டி. கறுப்பின மாணவருக்கெனத் தனியே இருந்த அமைப்பு 1965இல்தான் இதனுடன் இணைந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 1969இல். இன்று நீல நிற மேற்சட்டை அணிந்த மாணவியர் அதன் மேடைகளில் தலைமையேற்று நிற்கின்றனர்.

சிக்கல் யாதெனில், அங்கே ஒரு மாணவன் இதனோடு மட்டும் நிற்பதில்லை. விளையாட்டு அணி, பேண்டு வாத்தியக் குழு, விவாத மன்றம் ஆகிய அனைத்திலும் சேர்கின்றான். அக்டோபர் இறுதியையொட்டி இண்டியானாபொலிஸில் எஃப்.எஃப்.ஏ. தேசிய மாநாடு கூடுகின்றது. அதுவோ அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் பருவம். மார்ச் மாதத்தில் ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சி. அதுவே ஓட்டப்பந்தயங்களும் பேஸ்பாலும் நடைபெறும் காலம். மாடு, மண், கோழி ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிடும் போட்டிகள் பலவற்றில் நால்வர் ஓர் அணி. ஒருவன் வராவிடில் மற்ற மூவரின் உழைப்பும் குன்றும்.

"நேரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்" என்று அறிவுரை கூறுவது எளிது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வாத்தியப் பயிற்சியை ஒருநாள் தவிர்க்கலாம். கட்டுரையை நள்ளிரவில் எழுதலாம். காளைக்கு அது செல்லாது. கண்காட்சிக்கென வளர்க்கப்படும் காயடித்த இளங்காளை, ஏறத்தாழ 600 கிலோ எடையை எட்டும்வரை காலையும் மாலையும் குறித்த நேரத்தில் தீவனம் உண்ண வேண்டும். ஒருவேளை விட்டு மறுவேளை அளவுக்கு மீறித் தானியம் கொட்டினால் அதன் வயிறு புளித்து நோயுறும். தலைக்கயிற்றுக்குப் பழக்குவதும் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலையே. எனவே, எது காத்திருக்கும், எது காத்திராது என்று பிரித்தறிவதே முதற்கடமை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெக்ஸாஸ் மாநிலத்தில் 1984இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சில உயர்நிலைப் பாடங்கள் நீங்கலாக, ஏதேனும் ஒரு பாடத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கிய மாணவன் பள்ளியின் பெயரால் நடைபெறும் போட்டிகளில் குறிப்பிட்ட காலம் கலந்துகொள்ள இயலாது. முதலில் ஆறு வாரமாக இருந்த அத்தடை 1995இல் மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது. இது கால்பந்துக்கு மட்டுமன்று, எஃப்.எஃப்.ஏ. கால்நடைக் கண்காட்சிக்கும் பொருந்தும். பல மாதங்கள் விடியலில் எழுந்து வளர்த்த காளையை, அல்ஜீப்ராவில் இழந்த சில மதிப்பெண்களால் வளையத்திற்குள் நடத்திச் செல்ல முடியாமற் போகலாம். காளை அடுத்த ஆண்டுவரை காத்திராது. அதற்குள் அது கண்காட்சிக்குரிய வயதைக் கடந்துவிடும். மேற்படிப்புக்கென எண்ணியிருந்த ஏலப் பணமும் அத்துடன் போகும்.

இதற்கு அஞ்சிப் பிள்ளையின் வேலையைத் தாங்களே செய்துவிடும் தந்தையரும் உண்டு. தீவனம் வைப்பவர் தந்தை, பரிசு வாங்குபவன் மகன்! செலவையும் உழைப்பையும் மாணவனே பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் விதி இருக்க, அப்பதிவேட்டில் எதைத்தான் எழுதுவான்? அதனினும் நேர்மையான வழி, பள்ளிப் பொதுத் தொழுவத்தில் தோழர்கள் முறைவைத்துக் கொள்வது. பந்தய நாளில் உன் ஆட்டுக்கு நான். என் இசை நிகழ்ச்சியன்று என் ஆட்டுக்கு நீ.

விலங்குதான் வேண்டும் என்பதுமில்லை. பன்றி வளர்ப்பு அங்கே பரவலாக இருப்பதால் நம்மவர் சிலர் இப்பாடத்தையே தவிர்க்க எண்ணலாம். அதற்குத் தேவையில்லை. ஆடு, கோழி, தேனீ, நாற்றங்காலில் பகுதிநேர வேலை, மண் ஆய்வு, பள்ளியின் கண்ணாடிக் குடிலில் காய்கறிப் பயிர் என எத்தனையோ உண்டு. வாத்தியக் குழுவை விட மனமில்லாத மகளுக்கு நாற்றங்கால் வேலை, காளையைவிடப் பன்மடங்கு பொருத்தமானது.

அங்குள்ள உறவினர் உங்களிடம் கருத்துக் கேட்டால் இதைக் கூறுங்கள். ஆகஸ்டில் பள்ளி தொடங்கும்போதே பயிற்சியாளரின் நாட்காட்டி, வேளாண் ஆசிரியரின் நாட்காட்டி, தேர்வு நாட்கள் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். மோதுகின்ற நாட்களைக் குறித்துக்கொண்டு, இரு ஆசிரியரிடமும் பிள்ளையே சென்று பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள். ஏதேனும் ஒன்றைக் கைவிட நேருமாயின் அதையும் அந்த வாரமே முடிவு செய்யட்டும். காளைக்கன்றுக்குப் பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.