தேவதூதன் பணம் கொண்டுவரவில்லை

டிசம்பர் 26 எங்கள் வீட்டில் படம் பார்க்கும் நாள். 25 அதிகாலை ஆராதனை, மதியம் விருந்து, வந்தவர் போனவர், தெருவுக்கெல்லாம் பலகாரத் தட்டு என்று எல்லாம் முடிந்து மறுநாள் சாயங்காலம்தான் மனுஷன் உட்கார முடியும். மீந்த அச்சுமுறுக்கையும் முந்திரிக்கொத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் கூடத்தில் உட்காருவோம். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த பழக்கம் இது. எந்தப் படம் போடுவது என்பதில் ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையும் பண்டிகையில் ஒரு பகுதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' பிடிக்கும். 1947இல் வந்தது. நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட வந்த கிழவர், "நான் நிஜமாகவே அவர்தான்" என்று சொல்ல, விஷயம் நீதிமன்றம் வரை போய்விடும். அந்த வேடத்தில் நடித்த எட்மண்ட் க்வென்னுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. பேத்திக்கு 'ஹோம் அலோன்'. எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் அதேதான். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பண்டிகைக்கு அவர் வருவதும் அவர்கள் வீட்டுப் பொங்கலுக்கு நாங்கள் போவதும் முப்பது வருஷத்து வழக்கம். எனக்கு 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946இல் ஃப்ராங்க் காப்ரா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

போன வருஷம் அண்ணாச்சி கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டார். "சிரிச்சு வயிறு வலிக்கணும், அதுக்குத்தான் அண்ணாச்சி பண்டிகை. நீங்க போடுத படத்துல ஒருத்தன் பாலத்துல நின்னு சாகப் போறான். நல்ல நாளும் அதுவுமா இது என்ன படம்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த ஒரு வருஷம் யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர். ஜார்ஜ் பெய்லி என்பவன் அப்பா விட்டுப்போன ஒரு சிறிய நிறுவனத்தை நடத்துகிறான். ஊர்க்காரர்கள் சேமிப்பைப் போடுவார்கள், அந்தப் பணத்தில் வீடு கட்டக் கடன் கொடுப்பார்கள். நம்மூர்க் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் மாதிரி என்றால் பாதி புரிந்துவிடும். அவனுக்கு ஊரை விட்டுப் போய் உலகத்தைச் சுற்ற ஆசை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்து தடுக்கும். கல்யாண நாளன்று ஜனங்கள் பயந்துபோய்ப் பணத்தை எடுக்கக் கூட்டமாக வந்துவிடுகிறார்கள். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை மனைவி மேரி எடுத்து நீட்டுகிறாள். அன்று சாயங்காலம் கதவு சாத்தும்போது கையில் மிச்சம் இரண்டே டாலர்.

பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் முந்தின நாள், நிறுவனத்தின் 8,000 டாலரை வங்கியில் கட்டப் போன சித்தப்பா பில்லி அதைத் தொலைத்துவிடுகிறார். உண்மையில் அது ஊர்ப் பணக்காரர் பாட்டரின் செய்தித்தாளுக்குள் போய்விட்டது. பாட்டர் அதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அதே நாளில் தணிக்கை அதிகாரி வேறு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஜெயில்தான் என்ற நிலையில் ஜார்ஜ் பாலத்துக்குப் போகிறான். அங்கே க்ளாரன்ஸ் என்ற தேவதூதன் வந்து, "நீ பிறக்கவே இல்லையென்றால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும்" என்று காட்டுகிறான்.

இதைச் சர்க்கரைப் பாகு போன்ற படம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பணம் தொலைந்த அன்று ஜார்ஜ் என்ன செய்கிறான்? வயசான சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறான். நம் ரெண்டு பேரில் ஒருத்தன் ஜெயிலுக்குப் போகணும், அது நானாக இருக்காது என்கிறான். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறான். மகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், போனில் விசாரித்த பள்ளிக்கூட ஆசிரியையைத் திட்டுகிறான். பணக்கஷ்டம் வந்த வீட்டில் நடப்பதை இதைவிட நேராகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. அதோடு, பாட்டருக்குக் கடைசிவரை தண்டனையே கிடையாது. எடுத்த பணம் அவரிடமே இருக்கிறது. நம் சினிமாவாக இருந்தால் கிளைமாக்ஸில் போலீஸ் ஜீப் வந்து நின்றிருக்கும்.

நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அப்போதுதான் போரிலிருந்து திரும்பியிருந்தார். ஜெர்மனி மேல் குண்டு வீச்சு விமானம் ஓட்டியவர். போருக்குப் பிறகு அவர் நடித்த முதல் படம் இதுதான். மதுக்கடையில் உட்கார்ந்து கண்ணீரோடு ஜபம் பண்ணும் இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். பனி கொட்டும் அந்தக் காட்சிகளை எடுத்ததோ நல்ல வெயில் காலத்தில். அதுவரை சினிமாவில் பனிக்கு வெள்ளைச் சாயம் பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவுவார்கள். காலில் மிதிபட்டால் நொறுங்கும் சத்தம் வசனத்தைக் கெடுக்கும். இந்தப் படத்துக்குத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து சத்தமில்லாத பனியைச் செய்தார்கள். அதற்குத் தொழில்நுட்ப விருது கிடைத்தது. படத்துக்கு ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வசூலும் எதிர்பார்த்தபடி இல்லை.

பிறகு எப்படி இது கிறிஸ்துமஸ் படமாக ஆனது? 28 வருஷம் கழித்து, 1974இல், பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். உடனே அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களெல்லாம் காசு கொடுக்காமல் டிசம்பர் தோறும் போட ஆரம்பித்தன. வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். காலம் முழுக்கப் புதுப்பித்தல் பதிவேடுகளோடு வாழ்ந்த எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வரும். யாரோ ஒரு அலுவலகத்தில் தேதியைத் தவற விட்டதால் ஒரு படம் பிழைத்தது.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படத்தில் ஜார்ஜைக் காப்பாற்றியது யார்? எல்லோரும் தேவதூதன் என்பார்கள். நானும் நாலைந்து தடவை பார்க்கும் வரை அப்படித்தான் நினைத்தேன். தேவதூதன் அவனைச் சாகவிடாமல் தடுத்தான், அது உண்மை. ஆனால் அவன் ஒரு டாலர்கூடக் கொண்டுவரவில்லை. ஜார்ஜ் வீட்டுக்கு ஓடி வரும்போது அங்கே வாரண்டோடு ஆட்கள் நிற்கிறார்கள். பணம் வந்தது மேரியால். புருஷன் எரிந்து விழுந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சித்தப்பாவிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாலு பேரிடம் போய், "ஜார்ஜ் கஷ்டத்தில் இருக்கிறார்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அந்த நாலு பேர் ஊரெல்லாம் சொன்னார்கள். கூடையில் காசு வந்து விழுந்தது.

ஜார்ஜ் அதைச் செய்யவில்லை. அவன் போய்ச் சொன்ன ஒரே ஆள் பாட்டர். இத்தனை வருஷம் உதவிய ஊரில் ஒருவரிடம்கூட அவன் வாயைத் திறக்கவில்லை. கட்டின மனைவியிடமும் சொல்லவில்லை. நம்மில் எத்தனை ஆண்கள் இப்படி! மதிப்புப் போய்விடும் என்று நெருங்கியவர்களிடம் மறைப்போம். எவனுக்கு நம் மேல் இரக்கமே கிடையாதோ அவனிடம் போய்க் கை நீட்டுவோம், வட்டிக்காரரிடம் போவது போல.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1986இல் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தேன். ஐப்பசி மாதம், நல்ல மழை. சாயங்காலம் ரொக்க இருப்பைச் சரிபார்த்தபோது காசாளரிடம் 3,800 ரூபாய் குறைந்தது. அவருடைய நாலு மாதச் சம்பளம் அது. மூன்று தடவை எண்ணினோம். மேஜை இழுப்பறையை எல்லாம் தரையில் கொட்டித் தேடினோம். கிடைக்கவில்லை. யாருக்கோ கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். வாங்கியவர் திரும்பி வரவே இல்லை. ரொக்கம் குறைந்தால் காசாளர் கட்ட வேண்டும் என்பது விதி. நான் விதிப்படி குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அவருக்குக் குறிப்பாணை வந்தது. நாலாம் நாள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். கணக்கு நேரானது. எனக்கும் நிம்மதி. அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பல வருஷம் கழித்து அவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். பேச்சுவாக்கில் அந்த அம்மா சொன்னார்கள். தங்கச்சி குடும்பத்துக்கு அவசரம் என்று சொல்லித் தாலிச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனாராம். அடகிலிருந்து மீட்க முடியாமல் சங்கிலி ஏலத்தில் போனதாம். அது ஆபீஸ் பணத்துக்காக என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஆபீஸில் நாங்கள் பதினோரு பேர். தலைக்கு 350 ரூபாய் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். இரண்டு மூன்று தவணையில் போட்டிருந்தால் யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது. யாரும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேரி மாதிரி நாலு பேரிடம் போய், "ஐயா, அவர் கஷ்டத்தில் இருக்கிறார்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனார். அந்த ஆளாக இருந்திருக்க வேண்டியவன் நான். முதலில் தெரிந்தது எனக்குத்தானே. படத்தில் இன்னொன்றும் உண்டு. பாட்டரிடம் போகும் ஜார்ஜ், பணத்தைத் தொலைத்தது சித்தப்பா என்று சொல்ல மாட்டான். "நான்தான் தொலைத்துவிட்டேன்" என்பான். அந்த இடம் வரும்போது இன்றைக்கும் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

"அதெல்லாம் சினிமாவுல நடக்கும், நெஜத்துல ஊர்க்காரன் கூடை தூக்கிட்டு வருவானா?" என்று அண்ணாச்சி கேட்பார். வராமல் போகலாம். கை நிறைய உதவி செய்தவர் கடைசியில் தனியாக நின்றதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். கூடை நிறைவது நம் கையில் இல்லை. நாலு பேரிடம் போய்ச் சொல்வது நம் கையில் இருக்கிறது. அதற்கு அற்புதம் எதுவும் நடக்க வேண்டியதில்லை.

இப்படிப் பார்த்தால் எனக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் படங்களெல்லாம் ஒரே கதைதான் என்று தோன்றுகிறது. டிக்கன்ஸ் எழுதிய கஞ்சன் கதையை 1951இல் 'ஸ்க்ரூஜ்' என்று எடுத்தார்கள், அலஸ்டர் சிம் நடித்தது. அதில் ஆவிகள் வந்து பயமுறுத்துவதைவிட, அந்தக் கிழவர் மறுநாள் சகோதரி மகன் வீட்டுக் கதவுக்கு முன் தயங்கி நிற்பதுதான் பெரிய காட்சி. உள்ளே போய் மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்த வயதில் அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத்தானே தெரியும்!

அண்ணாச்சியின் 'ஹோம் அலோன்' படத்திலும் அது இருக்கிறது. 1990இல் வந்த அந்தப் படத்தில் திருடர்கள் படிக்கட்டில் வழுக்கி விழுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு கோவில் காட்சி வரும். பையன் பார்த்துப் பயந்த அடுத்த வீட்டுக் கிழவர், பக்கத்தில் வந்து உட்காருகிறார். மகனோடு சண்டை, பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பேத்தி பாட்டுப் பாடுவதைக் கேட்க ஒத்திகை நேரத்தில் ஒளிந்து வந்திருக்கிறார். "போன் பண்ணிப் பேசுங்களேன்" என்கிறான் எட்டு வயசுப் பையன். "பேச மறுத்துவிட்டால்?" என்று பயப்படுகிறார் கிழவர். நாற்பது கோடாலியால் பிளக்க முடியாத மௌனம் அது. கடைசியில் அவர் பேசிவிட்டார் என்பது ஜன்னல் வழியாகத் தெரியும்.

ஆகவே என் கருத்து இதுதான். பனியும் நட்சத்திரமும் தாத்தா வேஷமும் இருந்தால் மட்டும் அது கிறிஸ்துமஸ் படம் ஆகிவிடாது. வாயைப் பூட்டி வைத்திருந்த ஒருவர் திறக்க வேண்டும். அல்லது அவருக்காக இன்னொருவர் போய்ப் பேச வேண்டும். நம் வயதில் இருப்பவர்கள், யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டதையோ, மாத்திரைக்குப் பணம் போதாததையோ, பிள்ளையோடு மனஸ்தாபம் என்பதையோ வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தால், இந்தப் பண்டிகைக் காலத்தில் சொல்லிவிடுங்கள். வட்டிக்காரரைத் தேடிப் போவதற்கு முன்னால் வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள்.

இந்த வருஷம் சண்டை இல்லை. 26ஆம் தேதி 'ஹோம் அலோன்' என்று முடிவாகிவிட்டது. கோவில் காட்சி வரும்போது யாரும் எழுந்து போகக் கூடாது, முறுக்கும் கடிக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். பதிலுக்கு 27ஆம் தேதி என் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அவர் முழுசாக உட்காருகிறார். அன்றைக்கு நானும் தண்ணீர் குடிக்க எழுந்து போவதில்லை என்று இருக்கிறேன்.