சினைப்பசுவின் தீனியும் பிறக்கும் கன்றும்

பால் தரும் வரை பசுவுக்குத் தவிடும் பிண்ணாக்கும் கிடைக்கின்றன. பால் வற்றியதும் தொட்டியில் வைக்கோல் மாத்திரமே விழுகின்றது. “கறவாத மாட்டுக்குத் தீனி எதற்கு?” என்பது கமக்காரர் பலரின் எண்ணம். சிக்கனம் போலத் தோன்றும் இவ்வழக்கம் கன்றுக்கும் அடுத்த கறவைக்கும் கேடாய் முடிகின்றது.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்களாகும். பிறக்கும்போது கன்றுக்குள்ள நிறையில் மூன்றில் இரண்டு பங்களவு கடைசி மூன்று மாதங்களிலேயே சேர்கின்றது. கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வளிக்கும் 2 மாதங்களும் இக்காலத்துள் அடங்கும். இந்நாட்களிற் பசு வயிற்றில் கன்றை வளர்ப்பதோடு, வரப்போகும் பாலுக்கு மடியையும் ஆயத்தஞ் செய்கின்றது.

உலர் வலயத்தில் மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. மாரிப் புல்லை மேய்ந்து தை மாதத்திற் சினைப்பட்ட பசு ஐப்பசியளவில் ஈனும். ஆகவே, தேவை மிகுந்த ஆவணி, புரட்டாதி மாதங்கள் புல் கருகிய கோடையிலேயே வருகின்றன. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆயினும் அதிற் புரதமும் விற்றமின் ஏ சத்தும் மிகக் குறைவு. பச்சிலையின்றி நெடுநாள் வைக்கோலையே தின்ற பசு நலிந்த கன்றை ஈனலாம். கன்று குருடாய்ப் பிறத்தலும், இளங்கொடி விழாது தங்குதலும் நேரலாம். இவற்றைக் கண்ணூறு என்றும் விதி என்றும் கூறுவோர், வெறும் வைக்கோல் கிடந்த தொட்டியை நினைப்பதில்லை.

பிண்ணாக்கின் விலை தாங்கமுடியாதது என்னும் முறையீட்டில் நியாயமுண்டு. ஆனால் வேலி கைகொடுக்கும். கிளிசரிடியாக் குழையை வெட்டிச் சில மணி நேரம் வாடவிட்டு, வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால், அதன் மணத்தை வெறுக்கும் மாடும் பழகித் தின்னும். அகத்தி, பூவரசங் குழைகளும் உதவும். உழுந்து, பயறு, கச்சான் கொடிகளை எரித்துவிடாது உலர்த்திச் சேமித்தல் வேண்டும். தவிடும் பிண்ணாக்கும் குறைவாயிருப்பின், ஈனுவதற்கு முந்திய சில வாரங்களுக்கென அவற்றை ஒதுக்கிப் படிப்படியாகக் கூட்டுதல் நன்று. நல்ல தண்ணீர் எந்நேரமும் வேண்டும். கனியுப்புக் கலவையின் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டறியலாம். பசுவை மிதமிஞ்சிக் கொழுக்க வைத்தலுந் தவறு, ஈனுதல் கடினமாகும்.

கன்று தாயின் வயிற்றிலிருக்கையில் நோயெதிர்க்கும் பொருள்களைப் பெறுவதில்லை. கடும்புப் பாலிலிருந்தே பெறுகின்றது. அவற்றை உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அற்றுப்போகும். ஆதலின், பிறந்து 6 மணி நேரத்துள் கன்று வயிறாரக் குடித்தல் வேண்டும். வீட்டாருக்குக் கடும்பு காய்ச்சுவது அதன் பின்னரே தகும்.

குடலைப் பருவத்தில் நெல்லுக்கு நீர் மறுத்துவிட்டு நிறைந்த கதிரை எதிர்பார்க்கும் கமக்காரர் எவருமிலர். சினைப்பசுவின் கடைசி மாதங்களும் அத்தகைய பருவமே. அப்போது தொட்டியில் இடப்படும் ஒரு கட்டுக் குழை, கன்றாகவும் பாலாகவும் வீட்டுக்குத் திரும்பி வரும்.