காலுக்கும் வேலை உண்டு

வீட்டுக்குள் இருந்தபடியே விமானம் ஓட்டும் பிள்ளைகள் இன்று பல இல்லங்களில் இருக்கின்றனர். நமது தமக்கையார் வீட்டிலும் ஒருவன் இருக்கின்றான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாள்தொட்டு விமானியாவதென்றே ஒற்றைக்காலில் நிற்கும் அவன், கணனித் திரையின் முன் அமர்ந்து, இரத்மலானையில் எழுந்து பலாலியில் இறங்குவதும், பலாலியில் எழுந்து இரத்மலானையில் இறங்குவதுமாய் இருந்தான். “நூறு மணித்தியாலம் பறந்திட்டன், மாமா” என்று அவன் சொன்னபோது நாமும் மெச்சிக்கொண்டோம்.

பின்னர் ஒருநாள், பறப்புப் பயிற்சி நிலையம் ஒன்றில் முதற்பாடம் கேட்கச் சென்றான். ஆசிரியர் அருகிருக்க, எஞ்சினுக்கு முழுவிசை கொடுத்ததும் விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு இடப்புறமாக விலகத் தொடங்கிற்று. பையன் கைச்சில்லை வலப்புறம் திருப்பினானாம். விமானம் அதைச் சட்டை செய்யவில்லை. ஆசிரியர் தமது காலாலே அதனை நேராக்கிவிட்டு, “தம்பி, உம்முடைய கால் இரண்டும் நித்திரையோ?” என்று கேட்டாராம்.

வீடு திரும்பியவனின் முகம் வாடியிருந்தது. அவனது பயிற்சிக்காகத் தமது நகைகளை ஈடு வைக்கவும் சித்தமாயிருந்த தமக்கையாரின் முகம் அதனினும் வாடியிருந்தது. பறப்புப் பயிற்சிக்கு மணிக்கணக்கிலே பணம் செலுத்தவேண்டும். பிழையாய்ப் பழகியதை மறப்பதற்குச் செலவாகும் மணிக்கும் அதே கட்டணந்தான்.

அவன் பழகிய விமானத்தைச் சென்று பார்த்தோம். பார்வைக்கு அழகோ அழகு! இறக்கையிலுள்ள ஆணிகளைக்கூட எண்ணிவிடலாம். ஆனால், தண்டவாளத்தில் ஓடும் புகைவண்டிபோல நேரே ஓடி நேரே எழுந்தது. போதாக்குறைக்கு, சுக்கானைக் கணனியே கவனித்துக்கொள்ளும் உதவி ஏற்பாடொன்றும் இயங்கிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அதனை நிறுத்தினோம்.

மெய்யான சிறு விமானம் ஏன் இடப்புறம் இழுக்கின்றது? செஸ்னா போன்ற விமானங்களின் முன்விசிறி, விமானியின் ஆசனத்திலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழல்வது. அது பின்னே தள்ளும் காற்று, விமானத்தின் உடலைச் சுற்றிக்கொண்டு சென்று வாலின் நிமிர்ந்த பகுதியை இடப்பக்கத்திலிருந்து தாக்குகின்றது. வால் வலப்புறம் போக, மூக்கு இடப்புறம் திரும்புகின்றது. வேறு காரணங்களும் இதனோடு சேர்வதுண்டு. ஆதலால் வலக்கால் சுக்கான் மிதியை அழுத்தியபடியே இருத்தல் வேண்டும். விசையைக் குறைத்தால் காலையும் தளர்த்தவேண்டும். இந்தப் பாடத்தைக் கற்பிக்காத வீட்டு விமானம் எத்துணை அழகாயிருந்தும் பயனில்லை.

“விளையாட்டுச் சாமானிலை இதெல்லாம் பார்க்கலாமோ?” என்று தமக்கையார் வினவினார். நியாயமான கேள்வி. ஆயினும், இத்தகைய சாதனத்தின் ஆதி வரலாறே ஒரு தொழிற்சாலை மூலையில் தொடங்கியதுதான். அமெரிக்காவிலே பிங்ஹாம்டன் என்னும் ஊரில், தந்தையாரின் ஓர்கன், பியானோத் தொழிற்சாலையில் வளர்ந்த எட்வின் லிங்க் என்பவர், இசைக்கருவிகளுக்குரிய துருத்திகளைக் கொண்டு ஆடியசையும் பயிற்சிப் பெட்டி ஒன்றை 1929இல் அமைத்தார். தொடக்கத்தில் களியாட்டப் பூங்காக்களே அதை வாங்கின. 1934இல் இராணுவ விமானிகள் தபால் கொண்டுசெல்லும் பணியில் மோசமான காலநிலையிற் சிக்கி மாண்டபோதுதான் இராணுவம் விழித்துக்கொண்டு அப்பெட்டிகளில் ஆறினை வாங்கிற்று.

இனி, நல்ல விமானத்தைத் தெரிவதெப்படி? மெய்யான விமானத்துக்கென உற்பத்தியாளர் வெளியிடும் கையேட்டையே துலாக்கோலாகக் கொண்டோம். உலகில் 44,000க்கும் மேலாகக் கட்டப்பட்ட செஸ்னா 172 இதற்கு உகந்தது. அதன் ‘எஸ்’ வகைக்கு, எஞ்சின் நின்றால் மணிக்கு 68 கடல்மைல் வேகத்தில் மிதந்து இறங்குமாறு கையேடு கூறுகின்றது. அவ்வேகத்தில் ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கடல்மைல் தூரம் போகலாம்; எண்பது விநாடியளவு செல்லும். கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மருமகனுடன் அமர்ந்தோம். அவனுடைய அழகு விமானம் மூன்று நிமிடமாகியும் ஆயிரம் அடி இறங்கவில்லை! எஞ்சின் நின்ற விமானம் இவ்வளவு தூரம் போகுமென்று நம்பி வயல்வெளியைத் தெரிபவன் பனங்கூடலில்தான் இறங்குவான்.

வேறு சிலவற்றையும் பார்த்தோம். ட்ரிம் சில்லைச் சரிசெய்து கையை எடுத்தபின் மூக்கைச் சற்று உயர்த்திவிட்டால், நல்ல விமானம் அலைபோல மெல்ல ஏறியிறங்கித் தன் பழைய வேகத்துக்கே மீளும். காலை அசையாது வைத்து வலப்புறம் சாய்த்தால், மூக்கு முதலில் சற்று இடப்புறம் போய்விட்டே திரும்பும். இறக்கை மடல்களை விரிக்காது வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனால், 48 கடல்மைலை அண்டும்போது எச்சரிக்கை ஊதல் ஒலித்து, உடல் நடுங்கி, மூக்கு தாழும். மூக்கைத் தாழவிட்டால் விமானம் விரைவில் தெளிந்துகொள்ளும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் சொல்லவேண்டும். ஓட்டுவதற்குக் கடினமாயிருப்பதே மெய்யான விமானம் என்பது பிள்ளைகள் பலரின் எண்ணம். செஸ்னா 172 சாதுவான பசு. சிறிது தொட்டாலே துள்ளுமாயின், குற்றம் பெரும்பாலும் சிறிய கைப்பிடியின் வில்லிலும் அதன் குறுகிய வீச்சிலுமே உண்டு. கைப்பிடியின் நடுப்பகுதி உணர்ச்சியைக் குறைத்து அமைத்தால் பாதி நோய் தீரும்.

நிகழ்ச்சிநிரல்களைப் பொறுத்தவரை, எக்ஸ்-பிளேன் என்பது இறக்கையையும் விசிறியையும் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின்மீதும் படும் காற்றின் விசையைக் கணிப்பது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டுப் பதிப்போ முன்னரே எழுதிவைத்த அட்டவணைகளை நம்பியது. ஆனாலும், முறையைவிட ஆக்குவோரின் சிரத்தையே பெரிதென்பது நமது அபிப்பிராயம். அந்தப் பழைய முறையிலேயே ரியல்எயார் குழுவினர் ஆக்கிய மார்க்கெட்டி எஸ்.எப். 260 அழகாகச் சுழன்று விழுந்து மீண்டது. ஏ-டூ-ஏ குழுவினரின் செஸ்னா 172, ஓட்டுபவன் எஞ்சினுக்குச் செய்த கொடுமைகளை மறுநாளும் நினைவில் வைத்திருந்தது. பணம் செலவிட இயலாதோர் பிளைட்கியர் என்னும் இலவச நிகழ்ச்சிநிரலை நாடலாம். அதிலுள்ள செஸ்னா 172பி விமானத்தில் சில்லுக் கட்டைகளை அகற்றி, கட்டுக்கயிறுகளை அவிழ்த்த பின்னரே புறப்படவேண்டும். நமது மருமகன் இதனையே தெரிந்தெடுத்தான். தமக்கையாருக்கும் நிம்மதி.

கால்மிதிதான் மிஞ்சியது. கடை விலை கேட்டு மலைத்தோம். ஊர்த் தச்சரொருவர் பலகையில் இரு மிதிகள் செய்து தந்தார். பழுதான பழைய கைப்பிடியொன்றின் உட்பகுதிகளைப் பையன் அதிற் பொருத்திக்கொண்டான். முதல் வாரம் முழுவதும் ஓடுபாதையோரப் புல்லிலேதான் விமானம் மேய்ந்தது. அடுத்த வாரம் நடுக்கோட்டுக்கு வந்தது.

ஒரு மாதங்கழித்து மீண்டும் பாடத்துக்குச் சென்று வந்தான். இம்முறை ஆசிரியர் காலைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். “கண்ணை ஏன் மானிகளிலேயே வைத்திருக்கின்றீர்? வெளியே பாரும்” என்றாராம். திரையிற் பழகுவோர் பலருக்கும் வாய்க்கும் குறை இது. அன்று மாலை நாம் போனபோது, திரையின் கீழ்ப்பாதியை ஞாயிற்றுப் பத்திரிகைத் தாளொன்றால் மறைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். நமது பக்கமா அது என்று பார்த்தோம். விளையாட்டுச் செய்திப் பக்கம்.