சிவப்பு விளக்கின் சாட்சியம்

பல்வலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இரவு முழுவதும் நம்மைத் தூங்கவிடாமல் படுத்தி வைத்த பல், மறுநாள் காலையில் வைத்தியர் வீட்டு வாசற்படியை மிதித்ததும் பரம சாதுவாகிவிடும். "எந்தப் பல்?" என்று வைத்தியர் கேட்டால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். பழைய மோட்டார் வண்டிகளில் விட்டு விட்டு வரும் மின்சாரக் கோளாறும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். வீட்டு வாசலில் வராது, பட்டறையில் வராது, நடுக்காட்டில், மழையில், நள்ளிரவில் தவறாமல் வரும்.

சென்ற ஐப்பசியில் நாம் கடமலைக்குண்டுக்குப் போயிருந்தோம். வைகை என்றவுடன் நேயர்களுக்கு மதுரையும் சித்திரைத் திருவிழாவும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த நதி தன் பால்யத்தைக் கழிப்பது வருஷநாட்டு மலைகளின் அடிவாரத்தில். அங்கே அதை மூல வைகை என்கிறார்கள். தேனி ஜில்லா ஆண்டிபட்டி தாலுகாவில், தென்னந்தோப்பும் இலவ மரமுமாக அதன் அருகே அமைந்திருக்கிறது கடமலைக்குண்டு. மேற்கே மேகமலைத் தொடர். அதற்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு.

அவ்வூரில் நம் நண்பர் ஒருவர் தோப்பு வைத்திருக்கிறார். தகப்பனார் காலத்து மோட்டார் வண்டி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. அது எந்தக் கம்பெனியின் வண்டி என்று நாம் சொல்லப் போவதில்லை. முப்பது வருஷம் உழைத்த உடம்பில் மூட்டுவலி வந்தால், பெற்றவர்கள் மேல் குற்றம் சொல்வது தர்மமாகாது அல்லவா?

வண்டியின் வியாதி இதுதான்: பகலில் ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்து முன் விளக்குகளைப் போட்டதும், சாலையில் ஒரு பள்ளம் வந்தால், முகப்புப் பலகையில் பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு, சாம்பலுக்குள் இருக்கும் தணல் மாதிரி மினுக்கும். பிறகு அணைந்துவிடும். நண்பர் மூன்று பட்டறைகளுக்குப் போனார். ஒருவர் புதுப் பாட்டரி போட்டார். இன்னொருவர் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றினார். பணம் மாறியதே தவிர, விளக்கு மினுக்குவது மாறவில்லை. மூன்றாமவர் மகா சமர்த்தர். "விளக்குதானே தொந்தரவு செய்கிறது? அதைக் கழற்றிவிட்டால் போகிறது!" என்று சொல்லி, சிறிய பல்பை எடுத்து நண்பர் கையில் கொடுத்துவிட்டார். கூலிகூட வாங்கவில்லையாம்.

மூன்று வாரம் நண்பர் நிம்மதியாகத் தூங்கினார்.

நாலாவது வாரத்தில் ஒரு நள்ளிரவு. தோப்புக் காவல்காரரின் மகளுக்குப் பிரசவ வேதனை கண்டுவிட்டது. 108-க்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வண்டி வந்து சேருவதற்குள் நாமே பாதி தூரம் போய்விட்டால் எதிரே சந்தித்து ஏற்றிவிடலாம் என்று நண்பர் யோசனை செய்தார். பெண்ணையும் அவள் தாய் தகப்பனையும் ஏற்றிக்கொண்டு, க.விலக்கில் உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை நோக்கிப் புறப்பட்டார். உடம்பு அலுங்கக்கூடாதே என்று வண்டியை மெள்ள மெள்ள ஓட்டினார். கண்டமனூருக்கு முன்னாலேயே முன் விளக்குகள் மஞ்சள் பூத்தன; பிறகு அகல் விளக்காயின; பிறகு அணைந்தன. யந்திரமும் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் அந்த இருட்டில் நின்றார்கள். எதிரே ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. பகவான் புண்ணியத்தில் பெண் குழந்தை பிறந்து, தாயும் சேயும் சௌக்கியம். ஆனால் நண்பர் இதை நம்மிடம் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை. "அந்த அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் தகப்பன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை" என்றார்.

நாம் போயிருந்தபோதுதான் தேனியிலிருந்து ஒரு வயதான மின்சார மேஸ்திரி வந்தார். வந்தவர் பெட்டியைத் திறக்கவில்லை, வாயைத் திறந்தார். விளக்கு மினுக்கியது மழையிலா வெயிலிலா, யந்திரம் சூடான பிறகா முன்பா, பிரேக் போடும்போதா பள்ளத்தில் இறங்கும்போதா என்றெல்லாம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "சாயங்காலம் வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

"இப்போதே பார்த்துவிடலாமே, ஐயா?" என்றார் நண்பர்.

"ராத்திரி வார திருடனுக்குப் பகல்ல காவல் இருந்து என்னங்கய்யா புண்ணியம்?" என்றார் மேஸ்திரி.

இந்த ஒரு வாக்கியத்தில் இந்தச் சாஸ்திரத்தின் பாதி அடங்கியிருக்கிறது. மூன்று பட்டறைகளிலும் வண்டியைப் பகலில், சமதரையில், விளக்குப் போடாமல் நிறுத்தி வைத்தே சோதித்தார்கள். வியாதி வருவதற்கு வேண்டிய சந்தர்ப்பத்தையே அவர்கள் ஏற்படுத்தவில்லை. காணாத கோளாறைக் கண்டுபிடிக்க முடியாதாகையால் ஊகத்தின் பேரில் சாமான்களை மாற்றினார்கள்.

பொழுது சாய்ந்தது. மேஸ்திரி சாவியைத் திருப்பினார், யந்திரத்தைக் கிளப்பவில்லை. முகப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "செவப்பு விளக்கு எங்கய்யா?" என்று கேட்டார். நண்பர் மேஜை அறையிலிருந்து பல்பை எடுத்து வந்து அசட்டுச் சிரிப்புடன் நீட்டினார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

இங்கே நேயர்கள் அந்தச் சிறு விளக்கின் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் ஒரு முனை சாவியின் வழியாகப் பாட்டரியுடன் சேர்ந்தது. மறு முனை ஆல்டர்னேட்டருடன் சேர்ந்தது. சாவியைத் திருப்பியவுடன் பாட்டரியின் பக்கத்திலிருந்து மின்சாரம் பாய்வதால் விளக்கு எரியும். யந்திரம் ஓடி ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கினால் இரண்டு முனைகளிலும் அழுத்தம் சமமாகிவிடும். சமமான இடத்தில் மின்சாரம் ஓடாது. ஆகவே விளக்கு அணையும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வந்தால் மறுபடி எரியும். அது ஒரு தராசு முள் என்றே சொல்லலாம்.

இவ்வகை ஆல்டர்னேட்டரில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. உறங்கும் ஆல்டர்னேட்டருக்குள் முதன் முதலில் காந்த சக்தியை எழுப்பும் மின்சாரம் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. விளக்கு இல்லாவிட்டால் யந்திரம் மிக வேகமாகச் சுழலும் வரையில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே இருக்கக்கூடும். பகலில் தேனிச் சாலையில் நண்பர் வேகமாகப் போனபோதெல்லாம் அது விழித்துக்கொண்டது. அன்று இரவு, ஒரு கர்ப்பிணிக்காக மெள்ள ஓட்டிய தயாள குணத்தினால், அது விழிக்கவே இல்லை. முன் விளக்கு, மழை துடைப்பான் எல்லாவற்றையும் பாட்டரி தனியாகச் சுமந்து, சுமந்து, ஓய்ந்துபோயிற்று. அதைச் சொல்லுவதற்கு விளக்கும் இல்லை! சாட்சியை வெளியேற்றியதோடு காவல்காரனையும் தூங்க வைத்துவிட்டார் மூன்றாவது சமர்த்தர்.

மேஸ்திரி பல்பை அதனிடத்தில் போட்டார். யந்திரத்தைக் கிளப்பி, முன் விளக்கு முதல் துடைப்பான் வரையில் அத்தனையையும் போட்டார். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்தார். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த கம்பி, ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு திருகாணியில் வந்து சேருகிறது. அந்த இடத்தை அசைத்ததும் சிவப்பு விளக்கு மினுக்கிற்று! நண்பர், "அதுதான்! அதேதான்!" என்று குதித்தார்.

மேஸ்திரி அத்துடன் திருப்தியடையவில்லை. மீட்டரை எடுத்து அளந்து காட்டினார். ஆல்டர்னேட்டரில் 14.4 வோல்ட், பாட்டரியில் 12.3 வோல்ட். நடுவே 2.1 வோல்ட் எங்கே போயிற்று? யந்திரத்தையும் வண்டியின் உடம்பையும் சேர்க்கும் எர்த் பட்டையில் 0.1 வோல்ட்தான் நஷ்டம், அது குற்றமற்றது. பாக்கி 2 வோல்ட் அந்த ஒரு திருகாணியில் நஷ்டம். சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் அந்த வழியே ஓடியது. இரண்டையும் பெருக்கினால் 20 வாட். வண்டியின் பின்னால் இருக்கும் பிரேக் விளக்கு ஒன்றுக்கு 21 வாட் போதும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கு அந்தத் திருகாணிக்குள் இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கம்பியின் உறை அங்கே பழுப்பேறிக் கருகியிருந்ததே அதற்கு அத்தாட்சி.

பாட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, களிம்பைச் சுரண்டி, புது முனை வைத்து முறுக்கினார். மறுபடி அளந்தபோது நஷ்டம் 0.1 வோல்ட். புதுப் பாட்டரியும் புது ஆல்டர்னேட்டரும் செய்யாத காரியத்தை ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு ஸ்பானரும் செய்துவிட்டன.

இந்த மேஸ்திரி போன்றவர்களின் ஞானம் ஒரே நாளில் வந்ததல்ல. மோட்டார் வண்டி முழுவதும் சீமைச் சரக்காக இருந்த காலம் ஒன்று உண்டு. 1942-இல் பிர்லா குடும்பத்தார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை ஏற்படுத்தினார்கள். அங்கே பிறந்த அம்பாசடர் 2014 வரையில் வங்காளத்து உத்தரபாராவில் தயாராயிற்று. நம் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய ஸ்தாபனம், 1961-இல் பிரிட்டனின் லூகாஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, வண்டிகளுக்கான மின்சாரச் சாமான்களைச் சென்னைப் பாடியிலேயே செய்ய வழி வகுத்தது. சாமானை உள்நாட்டில் செய்வது சுதேசியத்தில் ஒரு பாதி. அது எப்படி வேலை செய்கிறது, ஏன் நின்றுபோகிறது என்று நாமே அறிந்துகொள்வது மற்றொரு பாதி. இரண்டாவது பாதியை நண்பர் போன்ற நாமெல்லோரும் பட்டறைக்காரர்களிடம் விட்டுவிட்டு, பல்பைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

எச்சரிக்கும் குரலை அடக்கினால் ஆபத்தும் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை மோட்டார் பட்டறைக்கு மட்டும் சொந்தமல்ல. 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்க ஒரு சட்டம் செய்தார். தேசத்தில் பஞ்சமும் மனக்கசப்பும் இருந்தன. அவற்றைச் சொன்ன பத்திரிகைகள்தான் அவருக்குத் தொந்தரவாகப் பட்டன. பல்பைக் கழற்றினார். பஞ்சமும் நீங்கவில்லை, கசப்பும் நீங்கவில்லை. ரிப்பன் பிரபு காலத்தில் அந்தச் சட்டத்தையே கழற்ற வேண்டியதாயிற்று. குடும்பத்திலும் இதே கதைதான். தலைசுற்றுகிறது என்று சொல்லும் பாட்டியை, "உனக்கு எப்போதும் இதே பாட்டு" என்று அடக்கிவிடுகிறோம். பாட்டி அடங்கிவிடுவாள், ரத்த அழுத்தம் அடங்காது.

நிற்க. பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு மேஸ்திரி சொன்ன சில விஷயங்களை இங்கே எழுதிவிடுகிறோம். கோளாறு எப்போது வந்தது, அப்போது எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்று உடனே குறித்து வைக்க வேண்டும், ஞாபகத்தை நம்பக்கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு சாமான்களை மாற்றக்கூடாது. மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும். ஃபியூஸ் அடிக்கடி போனால் அந்த இடத்தில் தடித்த கம்பியையோ சிகரெட் பெட்டித் தகட்டையோ வைப்பது நெருப்பை வீட்டுக்கு அழைப்பதாகும்.

எண்ணெய் விளக்கு விஷயம் வேறு. ஓடும்போது அது எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி யந்திரத்தையும் உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு எண்ணெயை அளவுக்கோலில் பார்க்க வேண்டும். எண்ணெய் குறையாமல் இருந்தாலும், "விளக்குதான் பொய் சொல்லுகிறது" என்று ஓட்டிச் செல்லக்கூடாது. எண்ணெய் அழுத்தத்தைத் தனி மீட்டர் வைத்து அளந்து, அது சரியாக இருக்கிறது என்று கண்ட பிறகே விளக்கின் மீது சந்தேகப்படலாம். பல வண்டிகளில் அதன் கம்பி உறை தேய்ந்து யந்திரத்தின் மீது பட்டாலும் விளக்கு எரியும். அழுத்தத்தைக் காட்டும் சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றிப் பார்த்தால், அப்போதும் அணையாத விளக்கு கம்பியின் குற்றத்தைக் காட்டிக் கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எரியும் விளக்கைக் கண்டு நாம் பயப்படுகிறோம். ஒருபோதும் எரியாத விளக்குக்குத்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு ஒரு முறை எரிந்து, யந்திரம் ஓடியதும் அணைய வேண்டும். அந்த ஒரு முறை எரிவது, "நான் இருக்கிறேன்" என்று அது சொல்லும் வார்த்தை.

மறுநாள் காலையில் நாம் ஊர் திரும்பும் சமயம், நண்பர் நம்மைத் தேனி வரையில் கொண்டு விட வண்டியை எடுத்தார். காவல்காரர் வாயிற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நண்பர் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. யந்திரத்தைக் கிளப்பினார். விளக்கு அணைந்தது. அவர் உடனே புறப்படவில்லை. சாவியை நிறுத்தி, மறுபடி ஒரு முறை திருப்பி, எரிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கிளம்பினார்.