பழைய பெயரும் புதிய பழியும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் என் மேசையில் ஒரு தொலைபேசிக் குறிப்பேடு இருந்தது. ஒருவரின் இலக்கத்தை ஒரு தடவை விசாரித்து எழுதி வைத்துவிட்டால் மறுமுறை எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இலக்கம் கைமாறிய பின்னரும் குறிப்பேட்டையே நம்பினால், முன்பின் அறியாத ஒருவரை எழுப்பி விளக்கம் கேட்க நேரும்.

என் இணையத்தளத்தின் வருகைப் பதிவுகளை ஆராய நான் எழுதிய சிறு நிரலிலும் இதுவே நடந்தது. வழங்கி எழுதிவைக்கும் பதிவில் பொதுவாக ஐ.பி. இலக்கம் மட்டுமே இருக்கும். அதற்குரிய பெயரை டி.என்.எஸ். கட்டமைப்பிடம் கேட்டறிய வேண்டும். ஒரே இலக்கம் நூறு தடவை வந்தால் நூறு தடவையும் கேட்பது வீண்வேலை. பதில் வராதபோது நிரல் விநாடிக் கணக்கில் காத்து நிற்கும். அப்பாச்சி மென்பொருள் 1.3 ஆம் பதிப்பு முதல் இத்தேடலை இயல்பாகவே நிறுத்தி வைத்திருப்பதும் இந்தச் சுமை காரணமாகவே. ஆகவே கேட்டறிந்ததைச் சேமித்து வைப்பது அவசியம். பெயர் இல்லை என்ற பதிலையுங்கூட.

எவ்வளவு காலத்துக்கு என்பதே கேள்வி. போல் மொக்கபெட்ரிஸ் 1983 இல் வடிவமைத்த இக்கட்டமைப்பில் ஒவ்வொரு பதிலுடனும் அதன் ஆயுட்காலமும் விநாடிக் கணக்கில் வருகிறது. ஆனால் நிரல்களில் வழக்கமாகப் பயன்படும் எளிய கட்டளைகள் பெயரை மட்டும் தந்து ஆயுட்காலத்தை விட்டுவிடுகின்றன. என் நிரலோ கேட்ட பெயரை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டது.

ஓர் இரவு ஒரே இலக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் குவிந்து தளம் முடங்கியது. நிரல் காட்டியது எனக்கு நன்கு தெரிந்த ஒரு நிறுவனத்தின் பெயரை. கண்டனக் கடிதமும் எழுதிவிட்டேன். அனுப்புமுன், ஆசிரியபீடத்துப் பழக்கத்தினால் மீண்டும் சரிபார்த்தேன். அந்த இலக்கம் எப்போதோ வேறொருவர் கைக்குப் போயிருந்தது. என் கோப்பில் இருந்தது எட்டு மாதத்துக்கு முந்திய பெயர்.

சேமிக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதைக் கேட்ட திகதியும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. காலம் கடந்ததும் மீண்டும் கேட்க வேண்டும். பழையதை அழிக்கவும் கூடாது. ஏனெனில் சென்ற ஆண்டின் பதிவை இன்று ஆராய்ந்தால் கிடைப்பது இன்றைய பெயரே, அன்றைய பெயர் அல்ல. அவ்வேளையில் திகதியிட்ட பழைய பெயரே நமக்குச் சாட்சி.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, நிரலில் திகதிக்கு ஓர் இடம் சேர்த்தேன். இரண்டுக்குமாகப் பத்து நிமிடம் சென்றிருக்கும்.